பிட்டர் ஸ்கேல் வைத்து அளந்தாலும் தப்பாத படம்: லிப்ரெஆபீஸ் டிராவை எப்படி அமைப்பது

"படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது, எழுதியிருக்கிற அளவைத்தான் எடுக்க வேண்டும்." பாலிடெக்னிக்கில் முதல் வருடம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சரியான விதிதான். ஆனால் சேலத்தில் நான் படம் வரைந்து கொடுக்கிற பட்டறைகளில் இந்த விதியைக் கடைப்பிடிக்கிற ஒரு பிட்டரைக்கூட நான் பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுப்பார், கோட்டின் மேல் வைப்பார், "பதினெட்டு இருக்குங்க" என்பார். நான் ஓர் அளவை எழுத மறந்திருந்தால் அவருக்கு வேறு வழியும் கிடையாது. அதனால் அளந்தாலும் சரியாக வருகிற படத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அதற்குப் பாதி வேலை கோடு போடுவதற்கு முன்பே, மென்பொருளின் அமைப்புகளில் இருக்கிறது.

அம்மாபேட்டையில் வீட்டு முன்னறைதான் என் அலுவலகம். ஜவ்வரிசி ஆலைகளுக்குத் தொட்டி, தாங்கு சட்டம், தண்ணீர்க் குழாய் போகும் வழி. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களுக்கு, காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்துக்கான ஷெட், அஸ்திவாரம். பெரும்பாலும் இவைதான். விலை கொடுத்து வாங்கும் கேட் (CAD, கணினியில் பொறியியல் படம் வரைவது) மென்பொருள் எனக்குக் கட்டுப்படியாகாது. எனக்கு வேலை கொடுக்கும் சிறு பட்டறைகளுக்கும் அப்படியே. லிப்ரெஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பில் படம் வரைவதற்கென்று இருக்கிற டிரா இலவசம், பழைய கணினியிலும் ஓடும், தமிழ் எழுத்தை ஒழுங்காகக் காட்டும். பல்சக்கரம், கேம், தொடுகோட்டு வளைவுகள் நிறைந்த உதிரிபாகம் என்றால் டிராவோடு மல்லுக்கட்டாதீர்கள். லிப்ரெகேட், ஃப்ரீகேட் பக்கம் போய்விடுங்கள், அவையும் இலவசம்தான். தரைத் திட்டம், அஸ்திவாரம், தகடு வெட்டு, குழாய் ஓட்டம் இதற்கெல்லாம் டிரா போதும்.

நாகலூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பல்ப்பர் ஷெட்டையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், அகலம் 6 மீட்டர். உள்ளே பழம் கொட்டும் தொட்டி, பல்ப்பர், ஊறல் தொட்டி, கழுவும் வாய்க்கால். 1:50 ஸ்கேலில், அதாவது தாளில் 1 மி.மீ. என்றால் உண்மையில் 50 மி.மீ. என்ற விகிதத்தில், இது தாளில் 240 × 120 மி.மீ. வரும். 420 × 297 அளவுள்ள ஏ3 தாளில் இதற்கு மேலேயே முகப்புத் தோற்றத்தையும் போட்டு, படத்தின் விவரம் எழுதும் கட்டமான டைட்டில் பிளாக்குக்கும் இடம் விடலாம்.

முதலில் அலகும் தாளும்

டிராவில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போங்கள். லிப்ரெஆபீஸ் டிரா என்ற தலைப்பின் கீழ் ஜெனரல் பக்கத்தில் அளவு அலகு இருக்கும். அங்கே சென்டிமீட்டரோ அங்குலமோ இருந்தால் மில்லிமீட்டர் ஆக்குங்கள். நம் பட்டறைகளில் தகடும் போல்ட்டும் மில்லிமீட்டரில்தான் பேசப்படுகின்றன. அதே பக்கத்தில் டிராயிங் ஸ்கேல் என்று ஒன்றும் கண்ணில் படும். அதை இப்போது தொடாதீர்கள், 1:1 ஆகவே இருக்கட்டும். கடைசியில் மாற்றுவோம். காரணமும் அங்கேயே சொல்கிறேன்.

அடுத்து பேஜ் மெனுவில் பேஜ் பிராப்பர்ட்டீஸ். ஏ3, படுக்கை வாக்கு. ஓரம் இடப்பக்கம் 20 மி.மீ., மற்ற மூன்று பக்கமும் 10. இடப்பக்கம் கூடுதல் விடுவது கோப்பில் துளையிட்டுக் கட்டுவதற்கு. அந்த இடத்தில் அளவு எழுதியிருந்தால் துளை அதன் மேலேயே விழும்.

இதே பெட்டியில் ஒரு கண்ணிவெடி உண்டு. "பொருள்களைத் தாளுக்கு ஏற்றபடி பொருத்து" என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்போது ஏ3 தாளை ஏ4 ஆக்கினால் வரைந்த எல்லாமே தாளோடு சேர்ந்து சுருங்கும். போஸ்டர் செய்பவர்களுக்கு அது வசதி. நமக்கு அது ஸ்கேலைக் கொல்லுகிற வேலை.

கட்டம் வேண்டும். ஆப்ஷன்ஸில் கிரிட் பக்கத்தில் இடைவெளி இரண்டு திசையிலும் 5 மி.மீ., உட்பிரிவு 5 என்று கொடுத்தால் தாளில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும். 1:50 படத்தில் அது உண்மையில் 50 மி.மீ. ஷெட் சுவருக்கு அது போதும். போல்ட் துளைக்குப் போதாது, அங்கே எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும், எஃப்4 அழுத்தினால் இடமும் அளவும் கொடுக்கும் பெட்டி அதற்குத் திறக்கும். கிரிட்டில் ஸ்நாப்பை இயக்குங்கள், கோட்டின் நுனி கட்டத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். கூடவே பொருளின் புள்ளிகளில் ஒட்டும் ஸ்நாப்பையும் இயக்குங்கள். டைமென்ஷன் கோட்டின் நுனி சுவரின் மூலையில் சரியாக உட்கார வேண்டுமென்றால் அதுதான் வேண்டும்.

கோட்டின் தடிமன்

நான் படித்த காலத்தில் டிரேசிங் பேப்பரில் மைப் பேனாவால் வரைந்திருக்கிறேன். 0.25, 0.35, 0.5, 0.7 என்று தனித்தனிப் பேனாக்கள். ஏன் இந்த விசித்திர எண்கள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகுதான் புரிந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல ஏறக்குறைய 1.41 மடங்கு. ஏ3 தாளின் நீளத்தை அகலத்தால் வகுத்தால், 420-ஐ 297-ஆல் வகுத்தால், அதே 1.41. ஏ3 படத்தை ஜெராக்ஸில் ஏ4 ஆகச் சுருக்கும்போது 71 விழுக்காடு ஆகிறது. 0.5 கோடு 0.35 ஆகிறது, 0.25 கோடு 0.18 ஆகிறது, 3.5 மி.மீ. எழுத்து 2.5 ஆகிறது. எல்லாம் அதே வரிசையில் ஒரு படி இறங்குகிறது, வரிசைக்கு வெளியே எதுவும் போவதில்லை. தாளையும் பேனாவையும் எழுத்தையும் ஒரே கணக்கில் கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் எனக்கு இது பெரிய அழகாகத் தெரிகிறது.

அதனால் டிராவிலும் இந்த எண்களையே வைக்கிறேன். ஸ்டைல்ஸ் பலகையைத் திறந்து, இருக்கிற டிராயிங் ஸ்டைலிலிருந்து நான்கு புதிய ஸ்டைல் உண்டாக்குங்கள். கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு வெளிக்கோடு, 0.5. மறைவாக இருப்பதற்கு மறைகோடு, 0.25, விட்டு விட்டு. வட்டத்துக்கும் தண்டுக்கும் மையக்கோடு, 0.25, நீளக் கோடும் புள்ளியுமாக. நான்காவது அளவுக்கோடு, 0.25, தொடர்ச்சியாக. தடித்த கோடு மெல்லியதைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது வரைபடத் தரங்கள் சொல்வது. இந்த இணை அதற்குச் சரியாகப் பொருந்தும்.

மையக்கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிராவோடு வரும் கோட்டு வகைகள் பல, கோட்டின் தடிமனைப் பொறுத்து நீளம் மாறும்படி அமைந்தவை. லைன் பெட்டியில் லைன் ஸ்டைல்ஸ் தாவலுக்குப் போய், தடிமனுக்கு ஏற்பப் பொருத்தும் டிக்கை எடுத்துவிட்டு, அளவை மில்லிமீட்டரில் நீங்களே கொடுங்கள். எனக்கு நீளக் கோடு 12, இடைவெளி 1.5, நடுவில் ஒரு குட்டிப் புள்ளி. மறைகோட்டுக்கு 3 கோடு, 1 இடைவெளி. பெயர் கொடுத்துச் சேர்த்துவிட்டால் ஸ்டைலில் தேர்ந்தெடுக்கலாம். கூடவே வெளிக்கோட்டு ஸ்டைலில் மூலை வகையை உருண்டையிலிருந்து கூர்மையாக மாற்றுங்கள். உருண்ட மூலை தகட்டில் வளைவு இருப்பது போலக் காட்டும். "இந்த மூலைக்கு ரேடியஸ் எவ்வளவுங்க?" என்று ஒரு வெல்டர் கேட்டதிலிருந்து இதை நான் மறப்பதில்லை.

தமிழ் எழுத்து

மேஸ்திரிக்கும் பிட்டருக்கும் தமிழில் எழுதிக் கொடுத்தால் வேலை தெளிவாக நடக்கிறது. "ஊறல் தொட்டி, உள் ஆழம் 900" என்று இருந்தால் யாரும் என்னைப் போனில் கூப்பிடுவதில்லை. ஆனால் இங்கே பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். லிப்ரெஆபீஸ் தமிழை வேறொரு கணக்கில் வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு எழுத்துரு, ஒரு அளவு. காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற வகையில் வரும் தமிழுக்குத் தனியாக ஒரு எழுத்துரு, ஒரு அளவு. ஸ்டைலில் மேலே இருக்கிற அளவை மட்டும் 14 ஆக்கிவிட்டு, தமிழ் ஏன் பெரிதாகவில்லை என்று நான் ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்குங்கள். பிறகு ஸ்டைலின் எழுத்துருத் தாவலில் இரண்டு பகுதி தெரியும். இரண்டையும் தனித்தனியாக நிரப்புங்கள். நான் தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் வைக்கிறேன்.

அளவுக் கணக்கு இது. ஒரு பாயின்ட் 0.353 மி.மீ. ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் பெரும்பாலான எழுத்துருக்களில் அதில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு. ஆகவே 10 பாயின்ட் கொடுத்தால் தாளில் 2.5 மி.மீ. உயரம், 14 கொடுத்தால் 3.5, 20 கொடுத்தால் 5. அளவு எண்களுக்கு 14, தலைப்புக்கு 20 என்று வைக்கிறேன். தமிழை 14-க்குக் கீழே நான் இறக்குவதில்லை. படம் ஜெராக்ஸில் ஏ4 ஆகும்போது சுழிகள் மையால் அடைபடும். இரண்டு சுழியும் மூன்று சுழியும் ஒன்றாகிவிட்டால் "ஆணி" என்று எழுதியதைப் படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அளவுக்கோடு

லைன்ஸ் அண்டு ஆரோஸ் கருவிப்பட்டையில் டைமென்ஷன் லைன் இருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழுத்தால் நீளத்தைத் தானே எழுதும். ஒன்றை இழுத்து, அதன் மேல் வலது சொடுக்கி டைமென்ஷன்ஸ் பெட்டியைத் திறந்து சரிசெய்யுங்கள். கோடு பொருளிலிருந்து 8 மி.மீ. தள்ளி நிற்கட்டும். வழிகாட்டிக் கோடு பொருளைத் தொடாமல் 1 மி.மீ. விட்டுத் தொடங்கட்டும், அளவுக்கோட்டைத் தாண்டி 2 மி.மீ. நீளட்டும். தசம இடம் பூஜ்யம். அலகைக் காட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு எண்ணோடும் "மி.மீ." ஒட்டிக்கொண்டிருந்தால் படம் கண்ணைக் குத்தும். "எல்லா அளவும் மி.மீ.-இல்" என்று டைட்டில் பிளாக்கில் ஒரு தடவை எழுதினால் போதும். அம்பின் அகலத்தை 1 மி.மீ. அளவுக்குக் குறைத்து, ஒல்லியான அம்பாகத் தேர்ந்தெடுங்கள். கொழுத்த அம்பு நுனி எந்தக் கோட்டைத் தொடுகிறது என்றே தெரியாது.

அந்த எண் தானாக வருகிற எண், அதன் மேல் நீங்கள் வேறு எண்ணைத் தட்டச்சு செய்யாதீர்கள். அவசரத்தில் கோட்டை நகர்த்தாமல் எண்ணை மட்டும் மாற்றுவது என்னோடு படித்த எத்தனையோ பேருக்குப் பழக்கம். ஸ்கேல் வைக்கிற பிட்டரிடம் அந்தப் படம் போகும்போது எண் ஒன்று சொல்லும், கோடு ஒன்று சொல்லும்.

லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போன்றது, அதன் விஷயம் சுருக்கமானது. அளவுக்கோட்டுக்கென்று டிராவில் ஏற்கெனவே ஒரு லேயர் உண்டு. அதோடு கட்டடம், இயந்திரம், தண்ணீர் என்று மூன்று சேருங்கள். மேஸ்திரிக்கு அச்சிடும்போது தண்ணீர் லேயரை மறைத்துவிடலாம், பிளம்பருக்கு இயந்திரத்தின் அளவு வேண்டியதில்லை. சுவர் வரைந்து முடித்ததும் கட்டடம் லேயரைப் பூட்டிவிடுங்கள், கை பட்டு நகராது.

சட்டமும் டைட்டில் பிளாக்கும்

இவை இரண்டையும் வியூ மெனுவிலிருந்து மாஸ்டருக்கு, அதாவது பக்கத்துக்கு அடியில் நிற்கும் பொதுத் தாளுக்குப் போய் அங்கே வரையுங்கள். பக்கத்தில் வரைந்தால் தெரியாமல் இழுத்துவிடுவோம். வெளிச்சட்டம் 0.7. வலது கீழ் மூலையில் கட்டம். அதில் வேலையின் பெயர், படத்தின் எண், ஸ்கேல், தேதி, திருத்த எண். ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு இந்தியாவில் முதல் கோண வீழல் முறைதான் நாம் படித்தது, இந்தியத் தரமும் அதையே சொல்கிறது. அதற்கான வெட்டிய கூம்புக் குறியை வரைந்து ஒரு ஓரத்தில் வையுங்கள். வெளிநாட்டு இயந்திரங்களோடு வரும் படங்களில் மூன்றாம் கோண முறையும் இருக்கும். அதில் இடப்பக்கத் தோற்றம் இடப்பக்கமே இருக்கும், நம்முடையதில் வலப்பக்கம் போகும். குறி இல்லாமல் இரண்டு படமும் ஒரே மேசையில் கிடந்தால் மோட்டார் எந்தப் பக்கம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதே மாஸ்டரில் இன்னொன்றும் வரைய வேண்டும். சரியாக 100 மி.மீ. நீளமுள்ள ஒரு கோடு, பத்துப் பத்தாகப் பிரித்தது, கீழே "அச்சில் 100 மி.மீ. இருக்க வேண்டும்" என்ற எழுத்து. எஃப்4 அழுத்தி அகலம் 100 என்று எண்ணாகவே கொடுங்கள், கையால் இழுக்க வேண்டாம்.

இந்தக் கோட்டுக்காக நான் கொடுத்த விலை பெரியது. ஒரு தோட்டத்தில் பல்ப்பரின் அஸ்திவாரத்துக்கு நான்கு போல்ட். மையத்துக்கு மையம் 300 × 240. ஏ3 தாளில் 1:1 ஆக வரைந்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். அச்சுக்கடையில் "தாளுக்குப் பொருத்து" என்பது டிக் ஆகியிருந்தது. படம் 97 விழுக்காடாகச் சுருங்கி வந்தது. பார்த்தால் தெரியாது, ஓரத்தில் வெள்ளை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மேஸ்திரி அந்தத் தாளைப் பலகையில் ஒட்டி, துளை போட்டு, போல்ட்டை நிறுத்திக் கான்கிரீட் போட்டுவிட்டார். 300 இருக்க வேண்டிய இடத்தில் 291. இயந்திரம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வந்த பிறகுதான் உட்காராது என்று தெரிந்தது. "படத்துல இருந்த மாதிரியே தானுங்க வச்சேன்" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது உண்மை. பழம் பறிக்கும் காலம் அது. பறித்த காபிப் பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் விட வேண்டும், குவித்து வைத்தால் புளிக்கத் தொடங்கிவிடும். கான்கிரீட்டை உடைத்துத் திரும்பப் போட்டுக் காய்கிற வரை பக்கத்துத் தோட்டத்துக்குப் பழத்தை ஏற்றி அனுப்பினார்கள். அந்தத் தாளில் 100 மி.மீ. கோடு ஒன்று இருந்திருந்தால் மேஸ்திரியே ஸ்கேல் வைத்துப் பார்த்திருப்பார்.

கடைசியாக ஸ்கேல்

எல்லாம் முடிந்ததும் கோப்பை 1:1 டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். ஃபைல் மெனுவில் டெம்ப்ளேட்ஸ், சேவ் ஆஸ் டெம்ப்ளேட். பிறகு ஆப்ஷன்ஸில் ஜெனரல் பக்கம் போய் டிராயிங் ஸ்கேலை 1:50 ஆக்கி, டைட்டில் பிளாக்கில் ஸ்கேலைத் திருத்தி, வேறு பெயரில் சேமியுங்கள். இதே போல 1:10-க்கு ஒன்று. என்னிடம் மூன்று டெம்ப்ளேட், ஏறக்குறைய எல்லா வேலையும் இவற்றில் அடங்குகிறது.

ஏன் கடைசியில்? ஸ்கேலை மாற்றியதும் ரூலரும் எஃப்4 பெட்டியும் உண்மை அளவில் பேசத் தொடங்கும். ஷெட்டுக்கு அகலம் 12000 என்று தட்டினால் தாளில் 240 மி.மீ. விழும். ஆனால் ஓரம், 100 மி.மீ. கோடு, கட்டம் இவையெல்லாம் தாளின் அளவில் இருக்க வேண்டியவை. 1:50 போட்ட பிறகு அந்தக் கோட்டுக்கு 100 கொடுத்தால் தாளில் 2 மி.மீ. குச்சிதான் வரும். தாளுக்குரியதை முதலில் முடித்துவிட்டால் குழப்பம் இல்லை.

ஸ்கேலை மாற்றினால் ஏற்கெனவே வரைந்தது பெரிதாவதோ சிறிதாவதோ இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். டைமென்ஷனில் வரும் எண்தான் மாறும். பாதிப் படத்தில் 1:50-ஐ 1:10 ஆக மாற்றினால் 12000 என்று காட்டிய சுவர் 2400 என்று காட்டும். இன்னொன்று, ஸ்கேல் கோப்பு முழுமைக்கும் ஒன்றுதான். 1:50 தரைத் திட்டத்தின் ஓரத்தில் அஸ்திவார விவரத்தை 1:10-இல் வரைந்தால் அங்கே டைமென்ஷன் தப்பாக எழுதும். விவரப் படத்தைத் தனிக் கோப்பில் வரையுங்கள், தாள் ஒன்று கூடுமே தவிர வேறு நஷ்டம் இல்லை.

அச்சுக்குப் போகும்போது

பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தே அனுப்புங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும், கடைக் கணினியில் தமிழ் கட்டம் கட்டமாக உடையாது. நேராக டிராவிலிருந்து அச்சிட்டால் பிரின்ட் பெட்டியின் டிரா பகுதியில் ஒரிஜினல் சைஸ் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். பிடிஎஃப் வழியாக என்றால் ஆக்சுவல் சைஸ் அல்லது 100 விழுக்காடு. கடைக்காரத் தம்பியிடம் வாயால் சொன்னால் கூட்டத்தில் மறந்துபோகும். அதனால் கோப்பின் பெயரிலேயே "ஏ3 - 100 விழுக்காடு - பொருத்த வேண்டாம்" என்று எழுதிவிடுகிறேன்.

இப்போது அச்சு வாங்க நானே போகிறேன். பையில் ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். தாள் வெளியே வந்ததும் 100 மி.மீ. கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பேன். அரை மில்லிமீட்டர் வரை விட்டுவிடுவேன், அது தாளும் அச்சுப்பொறியும் செய்வது. அதற்கு மேல் இருந்தால் "தம்பி, அந்த டிக்கை எடுத்துட்டு இன்னொரு தடவை போடுங்க" என்பேன். "சரிங்கக்கா" என்று திரும்பப் போட்டுத் தருவார். மலைக்குப் போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்பும் முன் அந்தக் கோட்டின் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக் போட்டுத் தேதி எழுதுகிறேன். மேலே இருக்கிற மேஸ்திரி முதலில் தேடுவது அந்த டிக்கைத்தான்.